பென்சில்வேனியாவில் மருத்துவக் கஞ்சா அட்டை: விண்ணப்பிக்கும் முன்பும் வாங்கிய பின்பும்

அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சாவுக்கு நாடு முழுவதற்குமான ஒரே விதி கிடையாது. ஒரு மாநிலத்தில் டாக்டரின் சான்று போதும், இன்னொன்றில் பிளாஸ்டிக் அட்டை வேண்டும், மற்றொன்றில் அட்டை என்ற பேச்சே இல்லை. எனவே பென்சில்வேனியாவை மட்டும் எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். பக்கத்தில் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் 21 வயதானவர் யாரும் கடையில் போய் வாங்கலாம். பென்சில்வேனியாவில் 2016 ஏப்ரல் 17 அன்று அப்போதைய ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்திட்ட 16ஆம் எண் சட்டம் நோயாளிகளுக்கு மட்டும்தான் கதவைத் திறந்தது. அட்டை இல்லாமல் கடை வாசலைத் தாண்ட முடியாது. அதனாலேயே விதிகளைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அட்டையைக் கொடுப்பது மாநில அரசு. கஞ்சாவைத் தடைசெய்வது ஃபெடரல் அரசு. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஹெராயினோடு சேர்த்து, கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் அட்டவணைக்கு இறக்கும் முன்மொழிவை 2024 மே மாதம் ஃபெடரல் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, வழக்குத் தொடுக்கும் அரசுத் துறை) வெளியிட்டது. 2014 டிசம்பரிலிருந்து பட்ஜெட் சட்டங்களில் ஒரு விதி தொடர்ந்து வருகிறது: மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டங்களைத் தடுக்க நீதித்துறை தன் பணத்தைச் செலவிடக் கூடாது. நோயாளிகளுக்குக் கிடைக்கும் நிம்மதி பெரும்பாலும் இந்த ஒற்றை விதியால் வருவதுதான். ஆனால் அது கட்டிப்போடுவது நீதித்துறையை மட்டும். குடியேற்றத் துறை, எல்லைக் காவல், போக்குவரத்துத் துறை, வீட்டு வசதித் துறை எதையும் அது தொடுவதில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஓட்டையிலிருந்து கிளம்புபவை.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் டாக்டரிடம் போவதிலிருந்து தொடங்கும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அங்கே தொடங்கக் கூடாது.

எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருந்தாலும் சரி, கையில் கிரீன் கார்டு இருந்தாலும் சரி, குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். மாநில அனுமதி அங்கே செல்லாது. வழக்கோ தண்டனையோ இருந்தால்தான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. குற்றத்தின் கூறுகளை அதிகாரியிடம் வாயால் ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் நுழையத் தகுதி போய்விடலாம். "வலிக்காக எடுத்துக்கொண்டேன், அட்டை இருக்கிறது" என்று வெள்ளந்தியாகச் சொல்வதும் ஒப்புதல்தான். 2019 ஏப்ரல் 19 அன்று குடியுரிமைச் சேவை அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ். வெளியிட்ட கொள்கை அறிவிப்பு இதை எழுத்திலேயே வைத்தது: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா தொடர்பான செயல், குடியுரிமைக்குத் தேவையான "நன்னடத்தை"யைக் கெடுக்கும். கஞ்சாத் துறையில் வேலை பார்ப்பதும் அதில் அடக்கம். கஞ்சா வளர்ப்பு நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் நிரலாளரும் கணக்காளரும் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி எழும் இடங்கள் நான்கு. கிரீன் கார்டுக்கான ஐ-693 மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் போதைப் பழக்கம் பற்றிக் கேட்பார். குடியுரிமை நேர்காணலில் கேட்கலாம். சென்னைக்குப் போய் விசா முத்திரை வாங்கும்போது கேட்கலாம். திரும்பி வந்து இறங்கும் விமான நிலையத்தில் எல்லை அதிகாரி கேட்கலாம்; அவருக்குக் கைபேசியைத் திறந்து பார்க்கும் அதிகாரமும் உண்டு. அட்டையின் படம், டிஸ்பென்சரி எனப்படும் கஞ்சாக் கடை அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாம் அதில் இருக்கும். கேட்டால் பொய் சொல்லலாமா? கூடாது. பொய் தனிக் குற்றம், பல நேரம் கஞ்சாவைவிடப் பெரிய குற்றம். ஒழுங்கான வழி, பதிவு செய்வதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது.

கிரீன் கார்டு உள்ளவரை நாடுகடத்துவதற்கான பிரிவில் ஒரு விலக்கு உண்டு: சொந்த உபயோகத்துக்காக 30 கிராம் அல்லது அதற்குக் குறைவாக வைத்திருந்த ஒரே ஒரு குற்றம். இதை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வெளிநாடு போய்த் திரும்பும்போது அவர்மேல் வேறு பிரிவு பாயலாம். கஞ்சா மூன்றாம் அட்டவணைக்கு இறங்கினாலும் இந்தத் தலைவலி தீராது. குடியேற்றச் சட்டம் எந்த அட்டவணையில் உள்ள பொருளையும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்றே எண்ணுகிறது.

குடியுரிமை இல்லாத நோயாளிக்கு வழியே இல்லை என்று அர்த்தமில்லை. ஃபெடரல் மருந்து அமைப்பு ஒப்புதல் கொடுத்து, சாதாரண மருந்துச் சீட்டில் சாதாரண மருந்துக் கடையில் கிடைக்கும் மருந்துகள் உண்டு. கீமோ குமட்டலுக்கு டிரோனாபினால், நாபிலோன். இரண்டுக்கும் 1985லேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. டிரோனாபினால், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யேதான், ஆய்வகத்தில் செய்தது. லெனாக்ஸ்-கஸ்டாட், டிராவெட் வகை வலிப்புகளுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. (கஞ்சாவில் உள்ள, போதை தராத பொருள்) திரவத்துக்கு 2018 ஜூனில் ஒப்புதல் வந்தது. டாக்டரிடம் முதலில் இவற்றைக் கேளுங்கள். காப்பீடும் இவற்றுக்குக் கைகொடுக்கக்கூடும். டிஸ்பென்சரிப் பொருளுக்கு மருத்துவக் காப்பீடு காசு தராது.

ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து தங்கியிருக்கும் அம்மாவின் முழங்கால் வலிக்கு இதை வாங்க முடியுமா? முடியாது. அவர் மாநிலவாசி இல்லை, பதிவேட்டில் சேர முடியாது. உங்கள் அட்டையில் வாங்கியதை அவருக்குக் கொடுப்பது மாநிலச் சட்டப்படி குற்றம். அவருடைய விசாவுக்கும் அது வேட்டு.

பதிவேடு: பெயரில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுவது

குடியுரிமை உள்ளவர், அல்லது வழக்கறிஞரிடம் பேசி முடிவெடுத்தவர், மாநிலச் சுகாதாரத் துறையின் இணையப் பதிவேட்டில் முதலில் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பதிவு, அடுத்து டாக்டர், அதன் பிறகு பணம், கடைசியில் அட்டை. டாக்டரிடம் முதலில் போனால் அவர் கணினியில் உங்களைத் தேடிவிட்டு, பெயர் இல்லையே என்று கையை விரிப்பார்.

பதிவுக்குப் பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமம் அல்லது அதே போக்குவரத்துத் துறையான பென்டாட் கொடுத்த அடையாள அட்டை வேண்டும். பிற மாநில உரிமத்தோடு வந்து குடியேறியவர் முதலில் அதை மாற்ற வேண்டும். பதிவேடு உங்கள் விவரத்தைப் பென்டாட் விவரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது.

தமிழ்ப் பெயர்கள் இங்கே படுத்தும் பாடு தனி. இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டவர் ஒரு பக்கம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்ததால் விசாவில் "எஃப்.என்.யு." (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்து முதல் பெயராக ஏறி, அது உரிமத்திலும் அச்சாகி, குடியுரிமை வந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பவர் இன்னொரு பக்கம். மருத்துவமனைக் கோப்பில் ஒரு பெயர், காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர், உரிமத்தில் ஒரு பெயர். பதிவேட்டுக்கு வேண்டியது உரிமத்தில் உள்ளது மட்டும். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இடைவெளி முதற்கொண்டு, அதில் இருப்பதை அப்படியே தட்டுங்கள். "சரியான" பெயரைப் போடும் ஆசை வேண்டாம். அதைத் திருத்த வேண்டுமானால் பென்டாட்டில் திருத்திவிட்டு வாருங்கள்.

முகவரிக்கும் இதே கதை. வீடு மாறினால் 15 நாளுக்குள் பென்டாட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது மாநில விதி, பலர் சொல்வதில்லை. அட்டை தபாலில் பழைய அடுக்ககத்துக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ போய்விடும். பணம் கட்டும் முன் முகவரியை இன்னொரு முறை பாருங்கள். பதிவு முடிந்ததும் நோயாளி எண் ஒன்று வரும். அதை எழுதி வையுங்கள், டாக்டர் கேட்பார்.

டாக்டர் தருவது மருந்துச் சீட்டு இல்லை

எல்லா டாக்டரும் சான்று தர முடியாது. நான்கு மணி நேரப் பயிற்சி முடித்து, சுகாதாரத் துறையில் பதிந்தவர் மட்டுமே தரலாம். பட்டியல் துறையின் இணையதளத்தில் மாவட்டவாரியாக இருக்கிறது. உங்கள் குடும்ப டாக்டரே அதில் இருக்கக்கூடும், முதலில் அங்கே தேடுங்கள். இல்லாவிட்டால் இதற்கென்றே இருக்கும் கிளினிக்குகள் உண்டு. பலர் வீடியோ அழைப்பிலேயே பார்க்கிறார்கள். கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், காப்பீடு தராது. "சான்று கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா" என்ற கேள்வியையும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

டாக்டர் எழுதுவது சான்று. இந்த நோயாளிக்கு இந்த நோய் இருக்கிறது, கஞ்சாவால் பலன் கிடைக்கலாம் என்பது மட்டும்தான் அதன் பொருள். மருந்துச் சீட்டு எழுதினால் அவருடைய ஃபெடரல் உரிமத்துக்கு ஆபத்து. பரிந்துரை சொல்வது டாக்டரின் பேச்சுரிமை என்று 2002இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கலிஃபோர்னியா வழக்கொன்றில் சொன்ன பிறகுதான் இந்த "சான்று" ஏற்பாடு தைரியமாக நடக்கிறது. இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை. வேலையிடச் சோதனையில் "மருந்துச் சீட்டு இருக்கிறதா" என்று கேட்கும்போது உங்கள் பதில் "இல்லை" என்றுதான் ஆகும்.

பட்டியலில் 24 நோய்கள் இருக்கின்றன. புற்றுநோய், வலிப்பு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கிரோன்ஸ், கிளாக்கோமா, ஆட்டிசம், அரிவாள் செல் ரத்தசோகை, எச்.ஐ.வி., ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) பழக்கம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம், கடுமையான நாள்பட்ட வலி ஆகியவை அவற்றில் சில. பதற்ற நோய் 2019இல் சேர்ந்தது. நரம்பு பாதிப்பும் பட்டியலில் உண்டு. சர்க்கரையால் வரும் கால் எரிச்சல் இதில் அடங்கும். தூக்கமின்மை தனியாக இல்லை, மனச்சோர்வும் இல்லை. "தூக்கம் வரவில்லை" என்று போனால் வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான். தூக்கத்தைக் கெடுப்பது நாள்பட்ட வலி என்றால் அந்த வலிக்கான பழைய பதிவுகளைக் கொண்டு போங்கள்.

கொண்டு போக வேண்டியவை: நோயின் பெயர் எழுதிய டாக்டர் குறிப்பு, எம்.ஆர்.ஐ. அல்லது ஸ்கேன் அறிக்கை இருந்தால் அது, இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர், குளோபாசம் போன்ற வலிப்பு மருந்து எடுப்பவர் இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கஞ்சாவில் உள்ள பொருள்கள் இவற்றை உடல் கரைக்கும் வேகத்தைக் குறைத்து, ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் எடுப்பவரும் மறைக்க வேண்டாம். சான்று கொடுக்கும் முன் டாக்டர் மாநில மருந்துக் கண்காணிப்புப் பதிவைப் பார்த்தாக வேண்டும், எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அட்டைக் கட்டணம்

டாக்டர் சான்றைப் பதிவேட்டில் ஏற்றியதும் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். மறுபடி உள்ளே போய் 50 டாலர் கட்ட வேண்டும். மெடிகெய்டு, ஸ்நாப், விக் போன்ற உதவித் திட்டங்களில் இருப்பவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. கட்டுவதற்கு முன் அந்தக் கட்டத்தைத் தேடிப் பாருங்கள். சான்று வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைத்து, பணம் கட்டாமலேயே அட்டைக்காகத் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அடுத்த வருடமும் சான்று புதிது, பணம் புதிது, இரண்டும் வேண்டும். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். தேதி தாண்டிய அட்டையோடு போனால் டிஸ்பென்சரி ஆள் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

டிஸ்பென்சரியில் முதல் நாள்

அட்டை, உரிமம், ரொக்கம் மூன்றையும் எடுத்துப் போங்கள். கிரெடிட் கார்டு செல்லாது; ஃபெடரல் தடையால் கார்டு நிறுவனங்கள் ஒதுங்கி நிற்கின்றன. சில கடைகளில் டெபிட் உண்டு, பலவற்றில் வாசலிலேயே ஏ.டி.எம். இருக்கும், அதற்குத் தனிக் கட்டணம். மருத்துவக் கஞ்சாவுக்கு இந்த மாநிலத்தில் விற்பனை வரி இல்லை. ரசீதை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்ட முடியாது, எச்.எஸ்.ஏ. எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்குப் பணத்திலும் வாங்க முடியாது.

முதல் முறை மருந்தாளுநரிடம் பேசச் சொல்வார்கள். அந்தப் பேச்சை அவசரப்பட்டு முடிக்காதீர்கள், அவரிடமிருந்து கிடைப்பது டாக்டரிடமிருந்து கிடைத்ததைவிட உதவும். விற்கப்படுபவை: மாத்திரை, எண்ணெய், நாக்கடியில் விடும் டிங்க்சர், பூசும் களிம்பு, ஆவியாக இழுக்கும் கேட்ரிட்ஜ், 2018 முதல் உலர் இலை. கேக், சாக்லேட் வகைகள் விற்கக் கூடாது என்பது சட்டம். வாங்கிய எண்ணெயை வீட்டில் உணவில் கலந்துகொள்ள நோயாளிக்கு அனுமதி உண்டு. டி.எச்.சி. கொழுப்பில் கரையும், ஆகவே ஒரு கரண்டி நெய்யில் கலந்தால் போதும்.

உலர் இலை விற்கிறார்களே, பற்றவைத்துப் புகைக்கலாமா? கூடாது. இலையைக் கொடுத்துவிட்டு நெருப்பை மறுக்கும் இந்த விதி வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் சட்டம் அப்படித்தான்: ஆவியாக்கும் கருவியில் மட்டும். கருவி சுமார் 180 முதல் 210 டிகிரி செல்சியஸில் வேலை செய்யும். எரிவதற்கு முன்பே டி.எச்.சி. ஆவியாகிவிடும். செடி வளர்க்கவும் இந்த மாநிலத்தில் யாருக்கும் அனுமதி இல்லை, ஒரு தொட்டிச் செடிகூட.

லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்வது இந்த வழியின் பாதி. ஓர் எடுத்துக்காட்டு: 30 மில்லி டிங்க்சர் புட்டியில் மொத்தம் 300 மில்லிகிராம் டி.எச்.சி. என்று இருந்தால், ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். சொட்டுக்குழாயில் கால் மில்லிக் கோடு இருக்கும். அந்தக் கோடு வரை இழுத்தால் 2.5 மில்லிகிராம், புதியவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் தொடக்க அளவு இதுவே. நாலு சொட்டு, அஞ்சு சொட்டு என்று கணக்கு வைக்காதீர்கள், குழாய்க்குக் குழாய் சொட்டு மாறும். நாக்கடியில் ஒரு நிமிடம் வைத்திருந்து விழுங்குங்கள்.

உலர் இலையில் கணக்கு வேறு மாதிரி. லேபிளில் டி.எச்.சி.ஏ. 20 சதவீதம் என்று இருக்கும். இது சூடு படாத வடிவம். சூடேறும்போது எடையில் கொஞ்சம் ஆவியாகப் போய் 0.877 பங்கு மட்டுமே டி.எச்.சி. ஆகும். ஆக 3.5 கிராம் இலையில் 700 மில்லிகிராம் டி.எச்.சி.ஏ., அதிலிருந்து அதிகபட்சம் 614 மில்லிகிராம் டி.எச்.சி. இலையைப் பச்சையாக மென்றால் பெரிதாக ஒன்றும் நடக்காததற்கும் காரணம் இதுதான். சதவீதம் கூடியது உசத்தி என்று கடைப் பலகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது புதியவர் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது தவறு இன்னும் பொதுவானது. ஆவியாக இழுத்தால் நிமிடங்களில் தெரியும். விழுங்கினால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும், வயிறு நிரம்பியிருந்தால் இன்னும் தாமதம். முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று இரண்டாவது அளவைப் போடுகிறார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்: நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், செத்துவிடுவோமோ என்ற பயம், 6 முதல் 8 மணி நேரம் வரை. முதல் நாள் ஒரே அளவு, வீட்டில், துணைக்கு ஒருவர் இருக்கும்போது. அடுத்த மாற்றம் இரண்டு மூன்று நாள் கழித்து. என்ன எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது தெரிந்தது, வலி பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்தால் மருந்தாளுநருக்கு அது பொன். நாள்பட எடுப்பவருக்கு ஓயாத வாந்தியும் வயிற்று வலியும் வந்து, வெந்நீர்க் குளியலில் மட்டும் அடங்கினால், கஞ்சாவே காரணமாக இருக்கலாம். நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், மயக்க மருந்தின் அளவே இதனால் மாறும்.

மாநில விதிப்படி 90 நாளுக்கான அளவு வரை வாங்கலாம்; 2021க்கு முன் அது 30 நாளாக இருந்தது. அதற்காக முதல் நாளே மூன்று மாதத்துக்கு வாங்கிக் குவிக்காதீர்கள். திறந்த பொருளைத் திரும்பக் கொடுக்க முடியாது, வேறொருவருக்குக் கொடுப்பது குற்றம். மீதியை எப்போதும் வாங்கிய டப்பாவிலேயே, லேபிளோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினால் போலீஸ் கண்ணில் அது வெறும் கஞ்சா. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டு போட்ட பெட்டி வேண்டும்.

வண்டி ஓட்டுபவர் கவனிக்க

அட்டை வைத்திருப்பவர்களில் அதிகம் பேருக்குத் தெரியாத, அதிகம் அடிக்கும் விதி இது. குடிபோதையில் 0.08 சதவீதம் என்று வரம்பு இருப்பதுபோல் கஞ்சாவுக்கு இங்கே வரம்பு இல்லை. முதல் அட்டவணைப் பொருளோ, உடல் அதைக் கரைத்த மிச்சமோ, ரத்தத்தில் எந்த அளவில் இருந்தாலும் ஓட்டக் கூடாது என்கிறது பென்சில்வேனியாச் சட்டம். தள்ளாடினீர்களா, நேராக ஓட்டினீர்களா என்பது கேள்வியே இல்லை. மருத்துவ அட்டைக்கு இதில் விலக்கு கிடையாது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே சொல்லிவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், அந்த மிச்சம் கொழுப்பில் தங்கி, அடிக்கடி எடுப்பவரின் ரத்தத்தில் பல நாள் தெரியும். திங்கள் இரவு எடுத்தவர் வியாழன் காலை தெளிவான தலையோடு அலுவலகம் போகும்போதும் சட்டப்படி சிக்கலாம். முதல் முறை மாட்டினாலே குறைந்தது 72 மணி நேரச் சிறை, 1,000 முதல் 5,000 டாலர் அபராதம், 12 மாத உரிம நிறுத்தம் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் வேறு ஓட்டுநர் இல்லாதவர், தினமும் மருந்து எடுக்கத் தொடங்கும் முன் இதை யோசிக்க வேண்டும். காரில் கொண்டு போகும்போது மூடிய டப்பா பின்பெட்டியில், அட்டை பர்ஸில். பொருள் கையில் உள்ள எல்லா நேரமும் அட்டையும் கூடவே இருக்க வேண்டும்.

வேலையிடம்

அட்டை வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று இந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. தொழிலாளி நேரடியாக வழக்குப் போடலாம் என்று 2021இல் நீதிமன்றமும் ஏற்றது. நல்ல விதிதான், ஆனால் ஓட்டைகள் பெரிது. வேலை நேரத்தில் போதையில் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்தான வேலைகளில் விலக்கி வைக்கலாம். ஃபெடரல் விதிக்கு உட்பட்ட வேலைகளில் மாநிலப் பாதுகாப்பு நிற்காது: லாரி ஓட்டுநர், விமானி, ரயில்வே ஊழியர். போக்குவரத்துத் துறைச் சோதனையில் அட்டையைக் காட்டினாலும் பாசிட்டிவ் பாசிட்டிவ்தான். ஐ.டி. ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் ஃபெடரல் அரசாக இருந்தால், நுழைவுச் சோதனை என்ன என்பதை முன்பே படியுங்கள்.

அரசு மானிய வாடகை வீட்டில் இருப்பவர் அங்கே அட்டையைக் காட்ட முடியாது. துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 என்ற ஃபெடரல் படிவத்தில் கஞ்சாக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், மாநிலம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டப்படி தவறு என்ற எச்சரிக்கை அதே வரியிலேயே இருக்கிறது.

குழந்தைக்கும் முதியவருக்கும்: பராமரிப்பாளர்

18 வயதுக்குக் கீழ் உள்ள நோயாளி தானே வாங்க முடியாது. பெற்றோரோ பாதுகாவலரோ பராமரிப்பாளராகப் பதிய வேண்டும். படுக்கையில் இருக்கும் பெரியவருக்கும் இதே வழி. நோயாளி ஒருவருக்கு இரண்டு பராமரிப்பாளர் வரை வைத்துக்கொள்ளலாம். 21 வயதாகியிருக்க வேண்டும், கைரேகை எடுத்துப் பின்னணிச் சோதனை நடக்கும். அந்தச் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், நோயாளியின் பதிவோடு சேர்த்தே தொடங்குங்கள். பராமரிப்பாளருக்கும் முதல் பகுதியில் சொன்ன குடியேற்ற ஆபத்து அப்படியே பொருந்தும்: குழந்தை அமெரிக்கக் குடிமகன், அப்பா எச்-1பி என்றால், கடையில் வாங்கும் கை அப்பாவுடையது. தம்பதியில் யார் குடியுரிமை உள்ளவரோ அவர் பதியட்டும். இருவருக்கும் இல்லை என்றால் எபிடியோலெக்ஸ் பற்றிக் குழந்தையின் நரம்பியல் டாக்டரிடம் பேசுவதே முதல் படி.

ஆற்றைக் கடந்தால்

பிலடெல்ஃபியாவுக்கும் நியூ ஜெர்சியின் கேம்டனுக்கும் நடுவே டெலவேர் ஆறு, மேலே பாலம். இரு கரையிலும் சட்டப்படியான கடைகள் இருக்கின்றன. அந்தப் பாலத்தில் கஞ்சாவோடு போவது மட்டும் ஃபெடரல் குற்றம், எந்தத் திசையிலும். தபாலில் அனுப்புவதும் அப்படியே. பென்சில்வேனியாவுக்குள்ளேயே ஃபெடரல் மண் உண்டு: வேலி ஃபோர்ஜ் பூங்கா, கெட்டிஸ்பர்க் போர்க்களம், சுதந்திர மணி இருக்கும் வளாகம். அங்கே மாநில அட்டை செல்லாது.

குடிபெயர்பவருக்கு ஒரு பார்வை. நியூ ஜெர்சியில் மருத்துவ நோயாளிக்கு 30 நாளுக்கு 3 அவுன்ஸ், 2022 ஜூலை முதல் விற்பனை வரி இல்லை. நியூயார்க்கில் நோய்ப் பட்டியல் என்று தனியாக இல்லை, மருத்துவர் பொருத்தம் என்று கருதினால் போதும். ஓக்லஹோமாவிலும் 2018 முதல் அப்படியே. ஃபுளோரிடாவில் அட்டை 75 டாலர், ஆனால் 210 நாளுக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்க வேண்டும், புகைக்கவும் அனுமதி உண்டு. டெக்சாஸில் அட்டையே கிடையாது: பதிவு பெற்ற டாக்டர் மாநிலக் கணினியில் ஏற்றுவார், நோயாளி அடையாள அட்டையோடு போய் வாங்குவார். 2015இல் குறிப்பிட்ட வலிப்புக்கு மட்டும் என்று தொடங்கிய திட்டம் அது, 2025 செப்டம்பரில் நாள்பட்ட வலிவரை விரிந்திருக்கிறது. பென்சில்வேனியா அட்டை இவற்றில் பெரும்பாலான இடங்களில் உதவாது. போகும் மாநிலத்தில் புதிதாகத் தொடங்க வேண்டும்.

டொரண்டோவில் உள்ள உறவினர் வீட்டுக்கு பஃபலோ வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது, இந்தப் பக்கத்தில் மாநில அட்டை இருக்கிறது, இருந்தும் எல்லையைத் தாண்டி எடுத்துப் போவது இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றம். சி.பி.டி. எண்ணெயும் இதில் சேர்த்தி.

இந்தியாவுக்குப் போகும் முன் கோட்டுப் பையையும் கைப்பையின் சிறு அறைகளையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் பூ மட்டும்தான் கஞ்சா. பிழிந்த எண்ணெய் சரஸ் என்ற வகையில் சேரும். தண்டனை குறைவாக உள்ள "சிறிய அளவு" கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை என்றால், சரஸுக்கு 100 கிராம்தான். சென்னையில் இறங்கியதும் பையிலிருந்து உருண்டு விழும் பாதி தீர்ந்த கேட்ரிட்ஜ் அந்த இரண்டாம் வகை. பென்சில்வேனியா அட்டை சுங்க மேசையில் உங்களைக் காப்பாற்றாது. வீட்டில் மிச்சமிருப்பதைப் பூட்டி வைத்துவிட்டு, ஊரில் இருக்கும் நாள்களுக்கு வலிக்கு என்ன எடுப்பது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.